கேக்காமப் போற அக்கா

அந்த அக்கா மேல எனக்கு இருந்தது பொறாமை. பாசம், தோஸ்த்து, மரியாதை எல்லாம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா மொதல்ல பொறாமை, அப்புறந்தான் மத்தது. பேரு சொல்லமாட்டேன். சொன்னா ஆம்பூர்ல பாதி ஷூ கம்பெனிக்கு யாருன்னு தெரிஞ்சுபோவும். இப்ப ராணிப்பேட்டைப் பக்கம் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. போயி ரெண்டு வருஷம் ஆவுது. போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் எங்கிட்ட வேலைப் பேச்சைத் தவிர வேற பேச்சு பேசல. அது ஏன்னு எங்க லைன்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஷூவோட மேல்பாகம், அப்பர்னு சொல்லுவாங்க, அது தைக்கிற லைன் எங்களுது. அக்கா எனக்கு முந்தின மெஷின். அது ஒரு தையல் போட்டுத் தள்ளும், நான் அடுத்த தையல் போடணும். அதனால நாள் பூரா நான் பாத்தது அதோட முதுகையும் பின்னலையும்தான். இன்னா பின்னல்! ஒரு கையில அடங்காது. முப்பத்தெட்டு வயசுல ஒரு நரை கெடையாது. எனக்கு முப்பத்தி மூணுலயே காதோரம் வெளுத்துப்போச்சு. இதுக்குக்கூடவா வயிறு எரியும்னு கேப்பீங்க. எரியும்.

எங்க லைன்ல பாத்ரூம் போவணும்னா ஒரு சோல் இருக்கும். பழைய ஷூவோட அடிப்பாகம். அதுல லைன் நம்பரை வெள்ளைப் பெயிண்ட்ல எழுதி சூப்பர்வைசர் டேபிள் மேல வச்சிருப்பாங்க. அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போவணும். ஒருத்தி போயிட்டு வந்து வச்சாத்தான் அடுத்தவ போவ முடியும். நாங்க எல்லாம் போயி நிப்போம். "சார், போவட்டுமா சார்?" அவரு கடியாரத்தைப் பாப்பாரு, நம்ம மெஷின் பக்கத்துல எவ்ளோ அப்பர் குமிஞ்சிருக்குன்னு பாப்பாரு. "இருக்கறத முடிச்சுட்டுப் போம்மா"ன்னுவாரு. வந்து ஒக்காந்து முடிச்சுட்டுப் போவோம். அக்கா எந்திரிக்கும், சோலை எடுக்கும், "போயிட்டு வர்றேன் சார்"னு சொல்லும். அவரு நிமிந்து பாக்கறதுக்குள்ள அது கதவாண்ட போயிருக்கும். ஒரு நாள்கூட அவரு ஒண்ணும் சொன்னது கெடையாது.

"எப்பிடிக்கா?"ன்னு கேட்டேன் ஒரு தடவை.

"கேட்டா வேணாம்பாங்க. சொன்னா பாத்துப் போம்பாங்க. அவ்ளோதான்டி" அப்படின்னுச்சு.

கேக்க எவ்ளோ சுலுவா இருக்குது பாருங்க. அன்னிக்கு ராத்திரியே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன். "ஞாயித்துக்கெழம எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." அவரு தறி சத்தத்துல காது மந்தமான மனுஷன், பவர்லூம்ல லுங்கி நெய்யறவரு. நிதானமா திரும்பி, "இன்னா?"ன்னாரு. நான் உடனே, "போவட்டுமான்னு கேட்டேன்"னு சொல்லிட்டேன். என் வாய் அப்பிடி. அக்கா வாய் வேற.

அது ஓட்டினது ஸ்கூட்டி இல்ல. கியர் வண்டி. ஆம்பளைங்க ஓட்டற மோட்டார் சைக்கிள், கருப்பு, டேங்க்ல செவப்புக் கோடு. சுடிதார் மேல ஆம்பளை சட்டை ஒண்ணை மாட்டிக்கினு, ஷாலைக் குறுக்கால இறுக்கிக் கட்டிக்கினு, ஹெல்மெட் போட்டுக்கினு வரும். நாங்க ரெண்டு பேரும் குடியாத்தத்தாண்ட ஒரே ஊரு. கம்பெனி பஸ்ல ஏறினா ஊர் ஊரா சுத்தி ஆள் ஏத்தி ஆம்பூர் வர ஒண்ணரை மணி நேரம். அக்கா மாதனூர் வழியா முக்கா மணி நேரத்துல வந்துடும். காலையில நாங்க ஆறரைக்கு பஸ்ல தூங்கி வழிஞ்சுக்கினு கெடப்போம். ஏழே காலுக்கு எங்க பஸ்ஸைத் தாண்டி ஒரு வண்டி சர்ர்ருனு போவும். "தோ போவுது பாரு"ன்னு யாராச்சும் சொல்லுவாங்க. நான் கண்ணை மூடிக்கினு தூங்கற மாதிரி இருப்பேன்.

கல்யாணம் பண்ணிக்கல. அம்மாவோடயும் தம்பியோடயும் இருந்துச்சு. அதப்பத்தி ஊர்ல பேசாத பேச்சில்ல. அது கண்டுக்கவே கண்டுக்காது.

கியர் மாத்தி மாத்தி அதோட இடது ஷூவுல மேல் தோல் தேஞ்சுபோயிருந்துச்சு. ஒரு நாள் லஞ்ச் டைம்ல கட்டிங்ல கழிச்சுப்போட்ட துண்டுத் தோலை எடுத்தாந்து, "இதுக்கு மேல ஒரு ஒட்டு தச்சுக் குடுடி, உன் மெஷின்ல வளைஞ்சு போவும்"னுச்சு. கம்பெனி மெஷின்ல சொந்த வேலை செஞ்சா மெமோ. நான் சூப்பர்வைசர் வர்றாரான்னு கதவையே பாக்கறேன். அக்கா பக்கத்துல நின்னுக்கினு முறுக்கு தின்னுது. தச்சுக் குடுத்தேன். கோணலா வந்தாக்கூட அது ஒண்ணும் சொல்லாது, ஆனா நான் நேராத்தான் தச்சேன். அந்த ஷூவைப் போட்டுக்கினு தெனம் கியர் மாத்துது இல்ல, அந்த ஒட்டு என் தையல். அந்த ஒரு சந்தோஷமும் எனக்கு இருந்துச்சு, மறைக்கக்கூடாது.

ஒரு சாயங்காலம் கம்பெனி வாசல்லயே பஸ் பஞ்சர். அக்கா வண்டியை நிறுத்தி, "ஏறுடி"ன்னுச்சு. எங்க வீட்டுக்காரர் பின்னாடி நான் ஒருபக்கமா ஒக்காந்துதான் பழக்கம். "ரெண்டு பக்கமும் கால் போடு, இல்லன்னா எறங்கிடு"ன்னுச்சு. போட்டேன். மாதனூர்கிட்ட பாலாத்துப் பாலம் ஏறும்போது காத்து அடிச்சுது பாருங்க, ஐயோ சாமி, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. எதுக்குச் சிரிச்சேன்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. நாப்பத்தஞ்சு நிமிஷத்துல ஊருக்கு வந்தாச்சு. வந்து எறங்கினப்புறந்தான் எனக்குப் பயம் வந்துச்சு. சீக்கிரமா வீட்டுக்குப் போனா மாமியார் கேப்பாங்க, எதுல வந்தேன்னு. அதனால பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி இருக்கற பெட்டிக்கடை மறைவுல ஒக்காந்துட்டேன். வேற பஸ் மாத்தி அனுப்பி, அது வந்து ஆள் எறக்கிவுட்டப்புறம், அவங்களோட அவங்களா நடந்து வீட்டுக்குப் போனேன். அக்கா மறுநாள் இதைக் கேட்டுட்டு வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சுது. "வூட்டுக்கு வந்தும் பஸ்சுக்குக் காத்திருந்த ஒரே பொம்பளை நீதான்டி!" நானும் சிரிச்சேன். உள்ள பத்திக்கிட்டு எரிஞ்சுது.

அப்புறந்தான் அந்த விபத்து.

ஐப்பசி மழை. சாயங்காலம். ரோட்டுல பாலம் வேலைக்குக் கொட்டின மண்ணு மழையில கரைஞ்சு சேறா கெடந்துச்சாம். முன்னால ஆட்டு மந்தை. பிரேக் புடிச்சதுல வண்டி வழுக்கி, அக்கா இடது கால் வண்டிக்கு அடியில. பின்னாடி கொஞ்ச நேரத்துல வந்தது எங்க பஸ்தான். கும்பலைப் பாத்து டிரைவர் நிறுத்தினாரு. சேத்துல கெடந்த அந்த இடது ஷூவைத்தான் நான் மொதல்ல பாத்தேன். அழுதேன். நெஜமா அழுதேன், நெஞ்சுல அடிச்சுக்கினு அழுதேன். வேலூர் ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்குன்னு பிளேட் வச்சு ஸ்குரூ போட்டாங்க. ஆபரேஷன் அன்னிக்கு லீவ் போட்டுட்டு அவங்க அம்மாகூட வெளியில ஒக்காந்திருந்தேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். திரும்பி வர்றப்ப பஸ்ல ஜன்னலோரம் தலை சாச்சுக்கினு இருந்தேனா, அழுகையெல்லாம் ஓஞ்சப்புறம், எனக்குள்ள ஒருத்தி சொன்னா: இனிமே இதுவும் நம்ம மாதிரி பஸ்லதான் வரும். அந்த நெனப்புல எனக்கு நல்லா தூக்கம் வந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு அக்கா வேலைக்கு வந்துச்சு. பஸ்ல. என் பக்கத்து சீட்ல. ஜன்னல் பக்கம் அதுக்கு, உள்பக்கம் எனக்கு. அந்த நாளுங்க இருக்குதே, என் வாழ்க்கையில அவ்ளோ சந்தோஷமா நான் வேலைக்குப் போனது கெடையாது. அதுக்கு நான் இட்லி கொண்டாருவேன், அது எனக்கு மல்லாக்கொட்டை வறுத்து எடுத்தாரும். எல்லாம் பேசினோம். என் புள்ளைங்க ரெண்டு பேரு நட்சத்திரம் இன்னா, என் நட்சத்திரம் இன்னா, மாமியார் சர்க்கரைக்கு இன்னா மாத்திரை, ஒண்ணு வுடாமக் கேட்டுக்கும். அதோட பக்கத்துல ஒக்காந்துக்கினு வர்றப்ப மத்த பொம்பளைங்க என்னைப் பாக்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணுதான் புடிக்கல. டிரைவர் கியர் மாத்தறப்பல்லாம் அக்காவோட இடது கால் கீழ அசையும். அதுக்கே தெரியாது. பேச்சு எங்கிட்ட, கால் வண்டியில. கணுக்கால் மேல் பக்கம் மடங்காது, பிளேட் வச்ச கால், வலியில உதட்டைக் கடிச்சுக்கும். அப்பவும் அசைக்கும். எனக்கு அந்தக் காலைப் பாக்க எரிச்சலா வரும். கட்டின புருஷனைப் பக்கத்துல வச்சுக்கினு அவன் வேற எங்கயோ பாத்துக்கினு இருந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி.

ஒரு வெள்ளிக்கெழமை அக்கா சொல்லுச்சு. "வர்ற வாரம் வண்டி எடுக்கறேன்டி. மெக்கானிக் லீவரை மாத்தி வச்சிருக்கான். முன்ன மாதிரி விரல்ல தூக்க வேணாம், குதிகாலால மிதிச்சா போதும்."

நான் அந்தக் காலைப் பாத்தேன். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நடக்கச் சொன்னாரு. ஓட்டறதப்பத்தி நான் கேக்கல."

லைன் பூரா கத்துச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி வுழுந்தா லீவ் குடுக்க முடியாது"ன்னாரு. "சரி சார்"னுச்சு. தம்பி வீட்ல தட்டைத் தூக்கி எறிஞ்சானாம். அவங்க அம்மா ரெண்டு வேளை சாப்புடல. எதுக்கும் அசையல. ஞாயித்துக்கெழம நான் பாக்கப் போனேன். அவங்க அம்மா வாசல்லயே என் கையைப் புடிச்சுக்கினாங்க. "நீயாவது சொல்லும்மா. நீ சொன்னா கேக்கும். நான் இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்கார முடியாதும்மா."

அக்கா உள்ள துணி மடிச்சுக்கினு இருந்துச்சு. "சொல்றதுக்கு ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு எடுக்கறேன்."

நாளைக்கு எடுத்துடும். நாளையிலேருந்து பஸ்ல அந்த சீட்டு காலி. ஏழே காலுக்கு எங்களைத் தாண்டிக்கினு சர்ருனு போயிடும். எனக்கு அது ஒண்ணுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அது வண்டி எடுக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

"எடுக்கக்கூடாதுக்கா"ன்னேன். "நான் சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டிக்கிட்டேன். அக்கா பொழச்சு எழுந்து வந்தா இனி ஜென்மத்துக்கும் வண்டி ஏறமாட்டாங்கன்னு வேண்டிக்கிட்டேன்."

வாயில வந்துடுச்சு. அது வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது. நான் எங்க வேண்டினேன்? ஆபரேஷன் நேரத்துல அழுதுக்கினு இருந்தேன், காப்பி குடிச்சேன், அவ்ளோதான். ஆனா எங்க பக்கத்துல ஒருத்தர் உசுருக்காக இன்னொருத்தர் வேண்டிக்கறது சாதாரணம். சோளிங்கர் சாமிக்கு வாக்குக் குடுத்தாச்சுன்னா அப்புறம் அதுக்கு மேல பேச்சு கெடையாது. சாமிகிட்ட போயி "பாத்துப் போ"ன்னு சொல்ல வைக்க முடியுமா?

அவங்க அம்மா என் காலைத் தொடப் போயிட்டாங்க. "பெத்தவ எனக்குத் தோணலையே, உனக்குத் தோணுச்சே தாயி!"

அக்கா என்னையே பாத்துச்சு. "எப்ப வேண்டிக்கின?"

"ஆபரேஷன் அன்னிக்கு."

"யாருகிட்டயும் கேக்காமயா?"

"ம்."

அது எந்திரிச்சுது. சாவியை எடுத்துச்சு. சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி இருந்துச்சு, அதுல மாட்டிச்சு. திரும்பவும் ஒக்காந்து துணி மடிச்சுது. நாளெல்லாம் யாரையும் எதுவும் கேக்காத பொம்பளை, நான் சொன்ன ஒத்த வார்த்தைக்கு அடங்கிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வர்றப்ப எனக்குக் கால் தரையில படல. குத்தவுணர்ச்சி இல்லையான்னு கேட்டா, அப்ப இல்ல.

எட்டு மாசம். எட்டு மாசம் என் பக்கத்து சீட்டு. அக்காவோட பேச்சு கொஞ்சம் கம்மியாச்சு, அவ்ளோதான் மாத்தம்னு நெனச்சேன். காலும் அசையறது நின்னுபோச்சு. லஞ்ச் டைம்ல மட்டும் கேன்டீனுக்கு வராது. நாங்க சாப்புடறப்ப அது கம்பெனி மாடிப்படியில ஏறி எறங்கிக்கினு இருக்கும். மூணு மாடி. மேல போவும், கைப்பிடியைப் புடிச்சுக்கினு நிக்கும், கீழ வரும். டாக்டர் சொன்ன எக்ஸர்சைஸ்னு நாங்க எல்லாம் நெனச்சோம். ஆரம்பத்துல ஒரு தடவை ஏறி எறங்கும். கடைசியில எண்ணவே முடியாத அளவுக்கு ஏறுச்சு. வேர்வையில சட்டை முதுகு நனைஞ்சு வந்து மெஷின்ல ஒக்காரும். நான் பின்னாடி ஒக்காந்து பாத்துக்கினு இருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் பஸ்ல சொல்லுச்சு. "ஞாயித்துக்கெழம சோளிங்கர் போறோம். நீயும் வர்ற."

"எதுக்குக்கா?"

"குடுத்த வாக்கைத் திருப்பி வாங்கணும்னா மலை ஏறிப்போயி கேக்கணும். இப்பத்தான் அவ்ளோ படி ஏற முடியுது என்னால."

அது படி ஏறி ஏறிப் பழகினது இதுக்கா! நான் சாக்குபோக்கு சொன்னேன், வீட்ல கேக்கணும்னேன். "நான் சொல்லிட்டேன் உன் மாமியார்கிட்ட. பாத்துப் போயிட்டு வாங்கன்னாங்க"ன்னுச்சு.

வண்டி ஓட்டாம, வாக்கு வாக்காவே இருக்கணும்னு, பஸ்லதான் போனோம். குடியாத்தத்துல ஏறி காட்பாடியில மாறி. மடியில ஒரு ஒயர் கூடை. அதுக்குள்ள ஹெல்மெட்டும் அந்தச் சாவியும். சாவியை சாமி காலாண்ட வச்சு வாங்கணுமாம். சோளிங்கர்ல எறங்கினதும் நேரா குளத்தங்கரைக்குப் போச்சு. மொட்டை போடற எடம். நான் தேங்காய் பழம் வாங்க நிக்கறேன், திரும்பிப் பாத்தா அக்கா பலகையில ஒக்காந்திருக்குது, பின்னலை அவுத்துவுட்டுக்கினு.

"அக்கா! இன்னாக்கா இது!"

"சும்மா திருப்பிக் குடுன்னு கேட்டா குடுப்பாரா? பதிலுக்கு நம்மளுது ஒண்ணு குடுக்கணும்ல. இத வுட்டா எங்கிட்ட வேற இன்னாடி இருக்குது?"

மொட்டை போடறவரு தலையில தண்ணி தெளிச்சாரு. கத்தியில பிளேடை மாட்டினாரு. நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. வந்தப்ப பாருங்க, இதையும் சொல்லிடறேன், எனக்கு இன்னொன்னும் தோணுச்சு. போவட்டுமே. அந்தப் பின்னல் போவட்டுமே. வண்டி ஓட்டப் போறல்ல, இதாவது போவட்டும். கத்தி நெத்தியில பட்டு மேல போச்சு. முடி தரையில வுழுந்துச்சு. நான் வாயைத் தொறக்கல.

தலையெல்லாம் சந்தனம் பூசிக்கினு எந்திரிச்சுது. மண்டையைத் தடவிப் பாத்துக்கினு, "ஹெல்மெட் இனிமே நல்லா ஒக்காரும்"னு சிரிச்சுது.

மேல போவ இப்ப ரோப் கார் வந்துடுச்சு. "கால் வலிக்கும்க்கா, அதுல போலாம்"னேன். "வாக்கை முறிக்கப் போறவ தொட்டில்ல ஆடிக்கினு போவாளாடி?"ன்னு படியில காலை வச்சுது. ஆயிரத்து முன்னூறு படி. நல்ல கால் ஒரு படி, பிளேட் கால் அதே படி. அப்புறம் அடுத்தது. கொரங்குங்க கூடையைப் புடுங்க வரும், ஹெல்மெட்டை ஆட்டி விரட்டும். என்னை முந்திக்கினு போறவங்க எல்லாம் அதைப் பாத்து கோவிந்தா போட்டாங்க. எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. பாதி மலையில நான் ஒக்காந்துட்டேன், அது எனக்காக நின்னுச்சு.

சந்நிதியில அர்ச்சகர் தட்டை வாங்கினாரு. சாவி தட்டுல, தேங்காய்க்குப் பக்கத்துல. "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

அக்கா என் பேரைச் சொல்லுச்சு. என் நட்சத்திரத்தைச் சொல்லுச்சு. என் ரெண்டு புள்ளைங்க பேரு, நட்சத்திரம். அதோட பேரைச் சொல்லவே இல்ல.

வெளிய வந்ததும் கேட்டேன். "ஏங்க்கா என் பேருல பண்ணீங்க?"

"வேண்டிக்கிட்டவ நீதான? மீறினா குத்தம் உன் தலையிலதானடி வுழும். எனக்குன்னா இன்னா, நான் அன்னிக்கே ஓட்டியிருப்பேன். உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதே, அதுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா? அதான் எட்டு மாசம் தொடல." சாவியில ஒட்டியிருந்த குங்குமத்தைத் தொடச்சுக்கினு சொல்லுச்சு. "இப்ப கேட்டுட்டேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும், இவளுக்கும் இவ புள்ளைங்களுக்கும் வேணாம்னு சொல்லிட்டேன். சரியாப்போச்சு."

நான் அதுக்கு மேல நிக்க முடியாம எறங்க ஆரம்பிச்சேன். அம்பது அறுபது படி எறங்கியிருப்பேன். அதுக்கு மேல முடியல.

"அக்கா, நான் வேண்டிக்கவே இல்லக்கா."

"இன்னா?"

"வேண்டிக்கல. அன்னிக்கு வாயில வந்ததைச் சொன்னேன். பொய்யி."

அக்கா படியில ஒக்காந்துடுச்சு. கூடையை மடியில வச்சுக்கிச்சு. கோவிந்தா கோவிந்தான்னு ஒரு கும்பல் எங்களைத் தாண்டி மேல போச்சு.

"நான் வுழுந்துடுவேன்னு பயந்துக்கினா சொன்ன?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். தப்பிச்சுக்க அக்காவே ஒரு வழி குடுத்துச்சு எனக்கு. "இல்லக்கா. பொறாமை. நீங்க போவறீங்க, நான் பஸ்லயே கெடக்கறேன். பொறாமைக்கா."

அக்கா தலையைத் தடவிச்சு. சந்தனம் காஞ்சு பொடியா உதிர்ந்துச்சு. "கத்தி வைக்கறப்ப பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"அதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேடி."

அவ்ளோதான். திட்டல, அடிக்கல. திட்டியிருந்தா தேவலாம். எந்திரிச்சு, எனக்கு முன்னால படி எறங்குச்சு. குடியாத்தத்துல எறங்கினதும் மெக்கானிக் கடைக்குப் போச்சு. வண்டியைத் தொடச்சு வச்சிருந்தான். அக்கா காலைத் தூக்கிப் போட்டு ஒக்காந்துச்சு, ஹெல்மெட்டை மாட்டிச்சு, ஸ்டார்ட் பண்ணுச்சு. குதிகாலால ஒரு மிதி. கொஞ்சம் தடுமாறி, அப்புறம் நேராப் போச்சு. பின் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. நான் டவுன் பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கேன்டீன்ல லைன் பூரா அதைச் சுத்திக்கிட்டாங்க. மொட்டைத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. "இன்னாக்கா இது? இன்னா வேண்டுதல்? வண்டியில வேற வந்தியே, அம்மா வுட்டாங்களா?"

நான் தலையைக் குனிஞ்சுக்கினு டிபன் பாக்ஸைத் தொறக்காம ஒக்காந்திருந்தேன். இப்ப சொல்லப்போவுது. எல்லாருக்கும் நடுவுல சொல்லப்போவுது. சொல்லட்டும்னும் இருந்துச்சு.

"நான் அடிபட்டுக் கெடந்தப்ப இவ எனக்காக சோளிங்கருக்கு வேண்டிக்கிட்டாடி"ன்னு அக்கா என்னைக் காட்டிச்சு. "போயித் தீத்துட்டு வந்தோம். இனிமே வண்டி ஓட்டலாம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்திக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இன்னொருத்தி என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வச்சுக்கினா. "எங்களுக்கெல்லாம் இப்பிடி ஒரு தோஸ்த்து வாய்க்கலையே"ன்னா. "உன்னைப் பாத்தா பொறாமையா இருக்குதுக்கா."

அக்கா சோத்தைப் பெசஞ்சுக்கினே, என்னைப் பாக்காம, "ஆமா"ன்னுச்சு.